சம்பளம் கேட்காத நம்ம பிள்ளை

அன்புள்ள ஐயா,

நான் மார்த்தாண்டம் பக்கத்தவன். நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் தேடுகிறார்கள். பழைய மாணவர் சங்கத்தில் நாங்கள் எல்லோரும் எங்கள் அணியின் முன்னாள் கேப்டனைச் சொல்கிறோம். நிர்வாகமோ திருவனந்தபுரத்திலிருந்து பயிற்சியாளர் லைசென்ஸ் உள்ள ஒரு மலையாளியைக் கொண்டுவரப் பார்க்கிறது. நம் மண்ணும் பிள்ளைகளும் தெரியாத வெளியாள் எதற்கு?

நான் சில வருடம் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் வேலை பார்த்தேன். அங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம், ஆனால் அதில் கல்லூரிகள் தங்கள் பழைய மாணவரைத் தேடிப் பிடித்து தலைமைப் பயிற்சியாளர் ஆக்குகின்றன. அலபாமாவின் பால் பிரையன்ட், தாய் கூப்பிட்டாள் என்று சொல்லித் திரும்பி வந்தார். மிச்சிகனுக்கு ஜிம் ஹார்பா வந்து கோப்பை வாங்கித் தந்தார். எங்கள் கேப்டன் சம்பளம்கூட வேண்டாம், நன்றிக்கடனாகச் செய்கிறேன் என்கிறார். எங்கள் சங்கத்தில் பொன்விழா வளைவு கட்டச் சேர்த்த பணம் இருக்கிறது, பூட்ஸ் ஜெர்ஸி செலவை நாங்களே பார்த்துக்கொள்வோம். பழைய மாணவரை நியமிப்பது சரிதானே? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நடப்பதைப் பற்றியும் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோட்டா விஷயம் வேறு. அதை இதோடு கலக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சம்பளம்கூட வேண்டாம் என்கிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

கொஞ்ச நாளாகவே இது மனதில் கிடக்கிறது. நித்திரவிளை பக்கம் ஒரு மைதானத்தில் காலையில் பையன்களுக்குப் பந்து பழக்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞரைப் பார்த்தேன். கடைச் சீருடையைப் போட்டுக்கொண்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி விட்டிருந்தார். எட்டரை மணிக்குக் கையைக் காலைக் கழுவிவிட்டு துணிக்கடை வேலைக்கு ஓடினார். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இவருக்கு யார் என்ன தருகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "அவன் இங்க படிச்சவனாக்கும்" என்றார். கேட்டதற்கு அதுவே பதில் என்பது போல.

முதலில் உங்கள் அமெரிக்காவை முடித்துவிடுகிறேன். பிரையன்ட் அலபாமாவில் ஆடியவர்தான், 1958ல் திரும்பி வந்து 6 தேசியப் பட்டம் வென்றார். அதே அலபாமாவுக்கு நிக் சேபனும் 6 பட்டம் வாங்கித் தந்தார். சேபன் படித்தது ஒஹாயோவில், கென்ட் ஸ்டேட்டில். கூடைப்பந்தில் யூசிஎல்ஏவுக்கு 10 பட்டம் தந்த ஜான் வூடன் படித்தது பர்டூவில். ஆக, பழைய மாணவரா வெளியாளா என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஹார்பாவும் மிச்சிகனுக்கு நேராக வந்துவிடவில்லை. சான் டியாகோ, ஸ்டான்ஃபோர்ட், அப்புறம் தொழில்முறை அணி என்று பல இடத்தில் தொழிலைப் பழகிவிட்டுத்தான் 2014 கடைசியில் வந்தார். ஜார்ஜியாவின் கிர்பி ஸ்மார்ட்டும் அந்தக் கல்லூரியில் ஆடியவர். ஆனால் பயிற்சித் தொழிலைப் பெரும்பாலும் சேபனிடம் உதவியாளராக இருந்து கற்றார். அதற்குப் பிறகே 2021, 2022 என்று இரண்டு பட்டம்.

ஒமாஹாவில் இருந்தேன் என்கிறீர்கள். அப்படியிருந்தும் ஸ்காட் ஃப்ராஸ்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்க வழியே இல்லை. நெப்ராஸ்காவில் பிறந்தவர், நெப்ராஸ்கா அணி 1997ல் பட்டம் வென்றபோது ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக். வேறொரு கல்லூரியை 2017ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கொண்டுபோனவர். ஊரே கொண்டாடித்தான் அழைத்து வந்தது. 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பர் 11ல் அவரை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் தர வேண்டிய நஷ்டஈடு ஏறக்குறைய பாதியாகியிருக்கும். அந்த மூன்று வாரம்கூடப் பொறுக்க முடியாமல் 1.5 கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள். கூடைப்பந்தில் ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூயிங்குக்கும் இதுதான் நடந்தது. 1984ல் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வாங்கித் தந்த ஆட்டக்காரர் அவர். பயிற்சியாளராக வந்த பிறகு ஒரு பருவத்தில் தங்கள் பிரிவின் 19 ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2023ல் அனுப்பிவிட்டார்கள். வெளியாள் தோற்றால் கைகொடுத்து அனுப்பிவிடலாம். நம்ம பிள்ளை தோற்றால் அது குடும்பச் சண்டை. அவர் அதற்கப்புறம் அந்தக் கல்லூரி வாசலை எப்படி மிதிப்பார்? உங்கள் கேப்டனை இதில் இறக்கிவிடுவதற்கு முன் இதை யோசித்தீர்களா?

ஆனாலும் ஒன்று. தாய் கூப்பிட்டாள் என்று வந்த பிரையன்டுக்கும் ஒப்பந்தம் இருந்தது, சம்பளம் இருந்தது. தாய் கூப்பிட்டாள், அதனால் சும்மா வேலை பார்க்கிறேன் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் அமெரிக்காவிலிருந்து பாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மலையாளி, வெளியாள் என்று எழுதியிருப்பதை நான் சும்மா விடப்போவதில்லை. களியக்காவிளையில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது? 1956 நவம்பர் 1 வரை நம் தாத்தாக்களுக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரம். நீரோடியைத் தாண்டினால் பொழியூர். அங்கும் இதே மணல், இதே பந்து, இதே வெறி. நம் கடற்கரைப் பையன்கள் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட மலபாருக்குப் போகும்போது யாரும் அவர்களை வெளியாள் என்று திருப்பி அனுப்புவதில்லை. அது போகட்டும், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி கேரளத்துக்கு முதல்முறை எப்படி வந்தது என்று தெரியுமா? 1973 டிசம்பர், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். ரயில்வேயை 3-2 என்று வென்றார்கள், மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ் என்ற தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தவர். அவர் நம் மண்ணைத் தெரியாதவர், நமக்கு வேண்டாம் என்று அன்று மலையாளிகள் சொல்லியிருந்தால்? இந்த வார்த்தையை உங்கள் சங்கக் கூட்டத்தில் இனிமேல் யாரும் பேசக் கூடாது. நீங்களே தடுக்க வேண்டும்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன்.

நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990ல்தான் வந்தது. எங்கள் கால்பந்து அணிக்கு ஒரு அண்ணன் பயிற்சி கொடுத்தார். கரைக்காரர். அதே கல்லூரியில் படித்து, அதே அணிக்கு ஃபார்வர்டாக ஆடியவர். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. விடியும் முன் முதல் பேருந்தைப் பிடித்து மைதானத்துக்கு வந்துவிடுவார். "ஓடு மக்கா, பந்தைப் பாக்காத, ஆளைப் பாரு" என்ற அவர் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. காலில் வந்து விழும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவதற்கு அவர் சொல்லிக்கொடுத்ததைப் போல வேறு யாரும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆட வைப்பார். அப்புறம் புல்லில் இறக்கினால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். முட்டை, பழம், மதுரைக்குப் போனால் இரவு பரோட்டா, எல்லாம் அவர் பையிலிருந்து. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போன நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள், அதுவும் அவர் பையிலிருந்துதான்.

அவருக்குத் தெரியாதவையும் இருந்தன. கோல்கீப்பரைப் பழக்கத் தெரியாது. எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்கு முழங்கால் சுளுக்கிவிட்டது. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டுக் கட்டினார். நம் ஊரில் அன்றைக்கு எல்லோரும் செய்ததுதான் அது. ஆசான்மேல் குற்றமில்லை, அண்ணன்மேலும் இல்லை. பையனுக்கு உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. வீக்கம் வடிந்ததும் ஆட இறங்கினான். அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. அண்ணன் அதற்குப் பிறகு வெகுநாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முறையாகப் படிக்க வேண்டும், பட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு இருக்கிறது, போய்வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

கல்லூரியில் போய் ஒரு கடிதம் கேட்டார். இவர் எங்கள் கால்பந்துப் பயிற்சியாளர் என்று ஒரு வரி எழுதி முத்திரை வைத்துத் தந்தால், அலுவலகத்தில் விடுப்பு கேட்கலாம். எழுதித் தரமாட்டோம் என்றார்கள். நியமன உத்தரவே இல்லாதபோது எந்தக் கணக்கில் எழுதுவது? அத்தனை காலம் அந்த அணியை நடத்திய மனிதர் கல்லூரியின் எந்த ஏட்டிலும் இல்லை. சரி, பேருந்துக் காசாவது தாருங்கள் என்று கேட்டார். வீட்டில் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பொறுப்பில் இருந்த ஒருவர் சொன்ன பதிலை வராந்தாவில் நின்ற நாங்கள் கேட்டோம். "நீரு நம்ம பிள்ளையில்லா? நீரும் கணக்கு பாத்தா எப்படி?"

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. பதவியே இல்லாததால் நீக்கவும் தேவைப்படவில்லை. ஆண்டுவிழாவில் போர்த்திய ஒரு பொன்னாடை, அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது.

எஸ்., உங்கள் கேப்டனின் நன்றிக்கடனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பாசம் உண்மையானது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது. வெளியாள் வந்தால் கேட்பார். எத்தனை பந்து, கோல்கீப்பருக்கு யார், அடிபட்டால் வண்டி எங்கே, பிசியோ உண்டா, என் சம்பளம் எந்தத் தேதி என்று கேட்பார். நம்ம பிள்ளை வாயைத் திறக்க மாட்டார். வெட்கப்படுவார். தன் பையிலிருந்து செலவழித்து ஓட்டையை அடைப்பார். ஓட்டை அடைபட்டிருக்கிற வரை நிர்வாகம் திரும்பிப் பார்க்காது. கடைசியில் அடி வாங்குகிறவன் பையன்.

நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்று ஒரே ஒரு பணியிடம். அந்த ஒருவர் தடகளத்தையும் பார்க்க வேண்டும், கபடி, வாலிபால், கிரிக்கெட்டையும் பார்க்க வேண்டும், விளையாட்டு விழாவுக்குக் கொடியும் கட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனிப் பயிற்சியாளர் என்ற ஏற்பாடு இங்கே வேரூன்றவே இல்லை. அந்த இடைவெளியை இத்தனை வருடமாக நிரப்பிக்கொண்டிருப்பது பழைய மாணவர்களின் இலவச உழைப்பு. இப்போது உங்கள் நிர்வாகம் எப்படியோ மனம் வந்து, சம்பளம் கொடுத்து, லைசென்ஸ் உள்ள ஒருவரை வைக்க முன்வந்திருக்கிறது. நம் பகுதியில் இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? நீங்கள் அத்தனை பேரும் கூடி நின்று, வேண்டாம், எங்களிடம் இலவசமாக ஆள் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு பணியிடம் பிறக்கும்போதே அதன் கழுத்தை நெரிக்கிறீர்கள். இன்றைக்கு அந்த அணியில் ஆடும் பையன்களில் நாலு பேருக்காவது நாளை பயிற்சியாளர் ஆகும் ஆசை இருக்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கதவைச் சாத்துகிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இந்தப் பதவிக்குச் சம்பளம் உண்டு, அது எழுத்தில் இருக்கும் என்று முதலில் முடிவாகட்டும். அதற்கு நிர்வாகத்திடம் பணம் போதாது என்றால் வளைவுப் பணத்தைக் கொடுங்கள். வளைவு இல்லாமலும் பையன்கள் உள்ளே வருவார்கள். பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரு வாரம் மைதானத்தில் விட்டுப் பாருங்கள். உங்கள் கேப்டன் தேறினால் அவரே இருக்கட்டும், சம்பளத்தோடு. தேறாவிட்டால் அந்தத் திருவனந்தபுரத்துக்காரர் வரட்டும், கேப்டன் அவருக்கு உதவியாளராக இருக்கட்டும், அதுவும் சம்பளத்தோடு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் படிப்புக்கு அவரைச் சங்கச் செலவில் அனுப்புங்கள். அதிலிருந்து ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ என்று மேலே போக வழி இருக்கிறது. கல்லூரியும் சங்கமும் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை.

இதற்கு உங்கள் கூட்டத்தில் எதிர்ப்பு வரும். பெரியவர்கள் யாராவது எழுந்து, நம்ம பிள்ளையிடம் போய்ச் சம்பளக் கணக்கு பேசுவதா என்பார்கள். அப்போது நீங்கள் எழுந்து நின்று பேச வேண்டும். ஒமாஹாவில் பார்த்ததைச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். உங்கள் கேப்டனிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள்: நியமன உத்தரவு கையில் வராமல் விசிலைத் தொட வேண்டாம். தயக்கமாக இருந்தால் அவர் என்னிடம் பேசட்டும்.

அன்புடன்.