பிரேசிலில் எதை விடுவது?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். மகன் எங்களைப் பிரேசிலுக்கு அனுப்பிவைக்கிறேன் என்கிறான். மே மாதம், போக வர எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாள். ரியோ, சாவோ பாலோ, பிரசிலியா, இகுவாசு அருவி, அமேசான், சல்வதோர், ரெசிஃபே, ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவு, ஃபுளோரியனோபோலிஸ் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இவ்வளவு தூரம் போய் எதையும் விட்டுவிடக் கூடாது அல்லவா? நகரங்களில் திருட்டுப் பயம் என்கிறார்கள். அவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மீதி நாட்களை ஒரு கடற்கரை ரிசார்ட்டில் கழிக்கலாமா? எந்தக் கடற்கரை நல்லது?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: விட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் ஒன்பது இடங்களில் ஏழு இடங்களை விட்டுவிடுங்கள். ரியோ, சல்வதோர் இரண்டும் போதும். நடுவில் மூச்சு வாங்க ஒரு சின்ன ஊரை நான் சேர்த்துத் தருகிறேன். ரிசார்ட் வேண்டாம். மே மாதமும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் ஊரிலிருந்து பிரேசிலுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். துபாயிலிருந்து சாவோ பாலோ வரைக்குமே பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது. போகும்போது இரண்டு நாள், வரும்போது இரண்டு நாள் கழித்தால் கையில் நிற்பது பத்து நாள். நாடோ இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு. ரியோவிலிருந்து அமேசான் காட்டு நடுவில் இருக்கும் மனௌஸ் போக நான்கு மணி நேர விமானம். பத்து நாளில் ஒன்பது இடம் என்றால் நீங்கள் பார்க்கப்போவது விமான நிலையங்களை. அறுபது வயதுக்கு மேல், பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் கிளம்புவது உல்லாசப் பயணம் ஆகாது.

அடுத்தது மாதம். மே மாதத்தை நீங்கள் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது தெரிகிறது. நம் ஊரில் எல்லோரும் வெளியே கிளம்பும் மாதம் அது. ஆனால் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டிய வயதில் உங்கள் வீட்டில் யாரும் இல்லையே! பிரேசிலின் வடகிழக்குக் கரையில், அதாவது சல்வதோரிலும் ரெசிஃபேயிலும், ஏப்ரல் முதல் ஜூலை வரை மழைக்காலம். சல்வதோரில் கொட்டித் தீர்க்கும் மாதங்களில் மேயும் ஒன்று. தெற்கே ஃபுளோரியனோபோலிஸில் அப்போது குளிர் தொடங்கிவிடும். கடலில் காலை வைக்கவே யோசிப்பீர்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவர்களுடைய கோடை. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் கடைசியில் கிளம்பி அக்டோபரில் திரும்புங்கள். சல்வதோரில் மழை ஓய்ந்திருக்கும், ரியோவில் வெயில் கடுமையாக இராது, விடுதிகளும் காலியாகக் கிடைக்கும்.

இப்போது நகரமா, கடற்கரையா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். நகரம் ஆபத்து, கடற்கரை நிம்மதி என்று இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். பிரேசிலில் அப்படிப் பிரிக்க முடியாது. ரியோக்காரருக்குக் கடற்கரைதான் முற்றம், பூங்கா, விளையாட்டுத் திடல், ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு எல்லாம். கடற்கரை பொதுச் சொத்து, எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று 1988-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் குடிசைப் பகுதிப் பையனும் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீட்டுக்காரரும் ஒரே மணலில் பந்து விளையாடுவதை அங்கே பார்க்கலாம். அந்தச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு கொடுமையானது; கடற்கரை அதை அழித்துவிடவில்லை. ஆனாலும் நாள் முழுக்க அவர்கள் எல்லோரும் கலந்திருக்கும் இடம் அதுதான். இதை விட்டுவிட்டு, சல்வதோருக்கு வடக்கே வேலி போட்ட ரிசார்ட்டில் நீச்சல்குளத்தின் ஓரம் பத்து நாள் படுத்திருப்பதற்கு மாமல்லபுரம் சாலையே போதும். மகனின் பணமாவது மிஞ்சும்.

ரியோவில் நான்கு இரவு தங்குங்கள். கோப்பகபானாவிலோ இபனேமாவிலோ, மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். கோப்பகபானா நான்கு கிலோமீட்டர் நீளப் பிறை வடிவக் கரை. கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த அலை வடிவ நடைபாதை அதன் அடையாளம். உங்கள் நான்கு நாளில் ஒரு ஞாயிறு வருமாறு திட்டமிடுங்கள். அன்று கடலோரச் சாலையில் கடல் பக்கமுள்ள பாதையைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள். ஊரே அதில் நடக்கும். ஒரு தோளில் ஒரு தகர டிரம் வீதம் தொங்கவிட்டுக்கொண்டு குளிர்ந்த மாத்தே தேநீர் விற்பவரிடம் ஒரு குவளை வாங்கிக் குடியுங்கள். மரவள்ளி மாவில் செய்த வளைய பிஸ்கட்டும் அவரிடமே கிடைக்கும். மாலையில் இரண்டு கரைகளுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அர்ப்போடோர் பாறைக்குப் போனால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள்.

ஆனால் இந்த இரண்டு கரையும் திறந்த அட்லாண்டிக்கைப் பார்த்தவை. அலை கனமாக அடிக்கும், ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் உண்டு. சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்கவே கூடாது. உயிர்காப்பு நிலையத்துக்கு நேர் எதிரில் முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் நனைய வேண்டும் என்றால் சுகர்லோஃப் மலையடியில் பிராயா வெர்மெல்யா என்ற சின்னக் கரை இருக்கிறது; அலை குறைவு. அங்கிருந்துதான் மலைக்கு 1912 முதல் கேபிள் கார் ஓடுகிறது. ரியோவை ஒட்டிய குவனபாரா விரிகுடாவுக்குள் இருக்கும் கரைகள் படத்தில் அழகாகத் தெரியும். பல ஆண்டுகளாக நகரத்தின் சாக்கடை கலந்த நீர் அது. எந்தக் கரையாக இருந்தாலும் மழை பெய்த மறுநாள் தண்ணீரில் இறங்காதீர்கள்.

திருட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பயம் பொய்யல்ல. அதற்கு மருந்து ரிசார்ட் அல்ல, சில பழக்கங்கள். தங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் மனைவி தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளட்டும். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் கேட்காத அறிவுரை இதுதான். மணலுக்குப் போகும்போது அன்றைக்கு வேண்டிய சில்லறை மட்டும் போதும். நடுத்தெருவில் நின்று கைபேசியைப் பார்க்காதீர்கள். இருட்டிய பிறகு காலியான மணலில் நடக்காமல் டாக்சி எடுங்கள்.

ரியோவிலிருந்து பேருந்தில் நான்கைந்து மணி நேரம் போனால் பரட்டி. நான் சேர்த்துத் தரும் சின்ன ஊர் இதுதான். மலைநாட்டுச் சுரங்கங்களில் எடுத்த தங்கம் கப்பலேறிய பழைய துறைமுகம். பழைய ஊருக்குள் கார் வராது. பௌர்ணமி ஓதத்தில் கடல்நீர் தெருவுக்குள் ஏறி நிற்கும்படியே ஊரைக் கட்டியிருக்கிறார்கள். படகில் ஏறினால் தீவுகளுக்கு நடுவே அலையில்லாத பச்சைத் தண்ணீரில் நாள் முழுவதும் சுற்றலாம். தெருக்கல் கரடுமுரடு, நல்ல காலணி வேண்டும். இரண்டு இரவு போதும். அருவி ஆசை அடங்கவே இல்லை என்றால் பரட்டியை எடுத்துவிட்டு இகுவாசுவை வைத்துக்கொள்ளுங்கள். ரியோவிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். இரண்டையும் சேர்க்காதீர்கள்.

மிச்சமுள்ள நான்கு இரவும் சல்வதோருக்கு. எனக்கு வாய்ப்பிருந்தால் முழுப் பயணத்தையும் இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1549 முதல் 1763 வரை பிரேசிலின் தலைநகரம் இது. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுப் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். வேறு எந்த நாட்டுக்கும் இத்தனை பேர் போகவில்லை. 1888-இல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அந்த மக்களின் பேரப் பிள்ளைகள் கட்டிக் காத்த இசை, சமையல், தெய்வங்கள் எல்லாம் சல்வதோரின் தெருவில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பழைய நகரமான பெலோரின்யோவின் சதுக்கத்தில் ஒரு காலத்தில் அடிமைகளைக் கம்பத்தில் கட்டிச் சாட்டையால் அடித்தார்கள். அதே சரிவில், கறுப்பின மக்களின் சபை 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ரொசாரியோ தேவாலயத்தில் செவ்வாய் மாலைப் பூசையில் ஆப்பிரிக்க மேளம் ஒலிக்கும். அதைக் கேட்காமல் வராதீர்கள். தங்கத் தகடு வேய்ந்த சாவோ ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்தின் கூரையில் ஒரு பகுதி 2025 பிப்ரவரியில் இடிந்து ஒருவர் உயிரிழந்தார். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வெள்ளைப் பாவாடையும் தலைத்துணியுமாகத் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அக்கராஜே சுடுவார்கள். காராமணியை அரைத்து, டெண்டே என்னும் செம்பனை எண்ணெயில் பொரித்து எடுக்கும் வடைதான் அது. நீங்கள் சைவம் என்றால் உள்ளே வைக்கும் இறாலையும் வத்தாப்பா என்ற குழம்பையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குழம்பிலும் இறால் உண்டு. மற்ற வேளைகளுக்கு எடை போட்டு விற்கும் உணவகங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தட்டில் வேண்டியதை நீங்களே எடுத்துவைத்து, எடைக்குக் காசு கொடுத்தால் போதும். சோறும் பயறும் கட்டாயம் கிடைக்கும். பயற்றில் பன்றிக் கறி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.

பண்ருட்டிக்காரருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். முந்திரியின் தாய்வீடு அந்த வடகிழக்குக் கரைதான். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் மூலம் நம் பக்கம் வந்தது. நாம் கொட்டைக்காக வளர்க்கிறோம், அங்கே பழச் சாற்றுக்கும் அதே மவுசு. காஜு என்று கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

சல்வதோரின் கடற்கரை எது என்றால் போர்ட்டோ டா பாரா. விரிகுடாவின் வாயில் மேற்கைப் பார்த்திருப்பதால், கிழக்குக் கரை நாடான பிரேசிலில் அபூர்வமாகச் சூரியன் கடலில் இறங்குவதை இங்கே பார்க்கலாம். தண்ணீர் குளம்போல நிற்கும். உங்கள் இருவருக்கும் பயமில்லாமல் குளிக்க இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியாது. கூட்டம் இருக்கும், வார நாளில் காலையில் போங்கள்.

விட்டவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். ரெசிஃபேயின் போவா வியாஜெம் கரையில் சுறா எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. 1992 முதல் அங்கே சுறாத் தாக்குதல்கள் தொடர்ந்து நடக்கின்றன. தெற்கே சுவாப்பே துறைமுகத்துக்காகக் கழிமுகத்தையும் அலையாத்திக் காட்டையும் சிதைத்ததை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். நொரோன்யா பேரழகுதான். ஆனால் தீவில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வரி, பூங்காவுக்குத் தனிக் கட்டணம். புகழ்பெற்ற சான்ச்சோ கரைக்குப் பாறை இடுக்கில் செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். முழங்கால் அனுமதிக்காது. பிரசிலியா கட்டடக்கலைப் பித்து உள்ளவர்களுக்கு. சாவோ பாலோவில் விமானம் மாறினால் போதும்.

மகனிடம் இன்றே பேச வேண்டியது தடுப்பூசி. பிரேசில் போய்த் திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுபவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இருவரும் முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.