யுகுலேலேவைப் பார்த்துச் சிரிப்பது டைனி டிம்மாலா?

அவர் ஒருவரால் மட்டும் அல்ல. கிதார் போன்ற நான்கு தந்திச் சிறு வாத்தியமான யுகுலேலேவை எடுத்தாலே நண்பர்கள் அமெரிக்கப் பாடகர் டைனி டிம்மைச் சொல்லிச் சிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் அந்தச் சிரிப்பு நிலைத்துப்போக அவர் பெரிய காரணம்தான். ஆனால் 1950களிலேயே நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆர்தர் காட்ஃப்ரே தொலைக்காட்சியில் வாசிக்க, பிளாஸ்டிக் யுகுலேலே ஏராளமாக விற்றது. பொம்மை என்ற எண்ணம் அப்போதே ஒட்டிக்கொண்டது.

1968இல் 'லாஃப்-இன்' நகைச்சுவை நிகழ்ச்சியில் டைனி டிம் வந்தார். உயரமான ஆள், நீண்ட சுருள்முடி, கீச்சுக் குரல், கையில் இத்தனூண்டு வாத்தியம். கண்டவர்கள் ஆளையும் வாத்தியத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். 'டிப்டோ த்ரூ தி டூலிப்ஸ்' பாட்டை அவர் குரலில் கண்ணை மூடிக் கேளுங்கள். அப்புறம் 1929இல் நிக் லூகாஸ் பாடியதைக் கேளுங்கள். டைனி டிம் பழைய பாட்டுகளை உயிராக நேசித்தவர் என்பது புரியும். கேலி செய்ய வந்தவர் அல்ல அவர். எனக்கு அவர்மீது மிகுந்த மதிப்பு உண்டு.

ஒரு விஷயம்: இதெல்லாம் அமெரிக்கப் பெருநிலத்துக் கதை. 1879இல் போர்ச்சுகலின் மடெய்ராத் தீவிலிருந்து வந்தவர்களின் சிறு வாத்தியத்திலிருந்து யுகுலேலே பிறந்த ஹவாயில், அதற்குத் தனி மரியாதை உண்டு. நண்பர்களுக்கு ஹவாய் யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ வாசிப்பதைப் போட்டுக் காட்டுங்கள்.