பால்மா டின்னும் டாம்பனும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர், குவாட்டர்ஸில்தான் குடித்தனம். "மாதவிடாய் நாளில் பேட் வைத்துக்கொண்டு மேடு ஏறினால் தொடை உரசிப் புண்ணாகிவிடுகிறது அக்கா. உள்ளே வைக்கிற பஞ்சு டாம்பன் இரண்டு தடவை முயன்றேன், உறுத்தியது. அங்கே கிடைக்குமா? பயன்படுத்தியதை எங்கே போடுவது? மாமியார் பார்த்தால் என்ன சொல்வார்?" விசா பற்றிக் கேட்கிறார்கள், சம்பளம் பற்றிக் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. வந்த முதல் மாதமே தேவைப்படுவது இதுதான்.

நான் கோத்தகிரிக்காரி. அம்மா பொகவந்தலாவையில் பிறந்தவர். மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்புகிற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. அதன்படி எழுபதுகளில் அம்மா குடும்பம் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. நான் எதிர்த்திசையில், மாமா மகனைக் கட்டிக்கொண்டு 2012இல் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன். தேயிலையும் பனியும் பார்த்து வளர்ந்தவள்தானே, இந்த ஊர் என்ன பெரிய புதுசு என்று ஒரு நினைப்பு. முதல் ஜூன் மழையோடு அது போயிற்று.

அப்போது டவுனில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். பயன்படுத்திய டாம்பனை நான் கமோடில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவேன். பஞ்சுதானே, கரைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாலு மாதம் ஓடியது. மழை பிடித்த ஒரு காலையில் தண்ணீர் உள்ளே போகாமல் மேலே வந்தது. வீட்டுக்கார அம்மா ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் இரும்புக் கம்பியை விட்டுத் துழாவி இழுத்தபோது, ஊறிப் பெருத்த பஞ்சுக் கட்டி ஒன்று வந்தது, ஐந்தாறு நூல் எலிவால் மாதிரித் தொங்க. அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மெழுகுதிரியா தங்கச்சி?" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அதோடு முடியவில்லை, கக்கூஸ் தொட்டியை உறிஞ்சும் லாரியான கலி பவுசர் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி அதற்கே போனது.

டிஷ்யூ பேப்பர் தண்ணீரில் பிரிந்துபோகும்படி செய்யப்பட்டது. டாம்பன் தண்ணீரைக் குடித்து உப்பும்படி செய்யப்பட்டது. அதனால் ஃப்ளஷ் பண்ணவே கூடாது. குழாயில் அடைக்கும், குழாயைத் தாண்டினாலும் தொட்டியில் கிடக்கும். தோட்டத்துக் குழிக் கக்கூஸ் என்றால் இன்னும் மோசம், குழி சீக்கிரம் நிறையும், அங்கே பவுசர் ஏறிவரப் பாதை இருக்காது. கானில், அதாவது சாக்கடை வாய்க்காலில், போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். டிக்கோயாப் பக்கத்து ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனியில் சேர்கின்றன, தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயாவாக மகாவலிக்குப் போகிறது. அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற லயத்துப் பீலிக்கு (தொழிலாளர் வரிசை வீட்டார் தண்ணீர் பிடிக்கும் இடம்) வருவதே உங்கள் கானைத் தாண்டித்தான்.

சரி, எங்கே போடுவது? பழைய பேப்பரில் சுற்றி, மூடி போட்ட சின்ன வாளியில். வாளி கக்கூஸுக்குள்ளேயே இருக்கட்டும், கையில் ஏந்திக்கொண்டு முற்றம் கடக்கிற வேலை வேண்டாம். டவுனில் குப்பை ட்ராக்டர் வரும். அங்கே நாம் மக்கும் குப்பை என்பதை இங்கே உக்கும் குப்பை என்பார்கள். நீங்கள் இதை உக்காத குப்பைக்கான பைக்குள் கட்டிப் போடுங்கள். தோட்டத்துக்குள் ட்ராக்டர் வராது. என் மாமி வழக்கம்தான் எனக்குத் தெரிந்ததில் நல்லது: வீட்டுக்குப் பின்னால், பீலியையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டுத் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு மேல் ஒரு குழி. போட்டதும் மேலே சாம்பல், மண், கடைசியில் ஒரு பலகைக்கல். கல் இல்லாவிட்டால் நாய் தோண்டும், நாய் விட்டதைக் காட்டுப்பன்றி தோண்டும். இதற்காகவே பிளாஸ்டிக் குழல் வைத்த டாம்பனை வாங்காதீர்கள். விரலால் வைக்கிற வகையென்றால் குழிக்குள் போவது பெரும்பாலும் பஞ்சுதான். மேல் உறையைச் சேர்த்துவைத்து டவுனுக்குப் போகும்போது போட்டுவிடலாம். வெந்நீர் அடுப்பில் எரிக்கிற யோசனை வேண்டாம். ஈரப் பஞ்சு எரியாது, வீடு முழுக்கப் புகைதான் மிஞ்சும்.

இனி உறுத்தல். உறுத்துகிறதென்றால் பாதி வழியில் நிற்கிறது என்று அர்த்தம். யோனி நேர் மேலே போகிற பாதை இல்லை, பின்னால் சாய்ந்து இடுப்பெலும்பை நோக்கிப் போகிறது. நேராகக் குத்தினால் வலிக்கத்தான் செய்யும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து, முதுகின் அடிப்பக்கம் பார்த்துச் சாய்வாகத் தள்ளுங்கள், நடுவிரல் போகிற அளவுக்கு. சரியாக உட்கார்ந்துவிட்டால் இருப்பதே தெரியாது. தெரிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். நம்ம ஊர்க் குந்துக் கக்கூஸ் இதற்கு கமோடைவிட வசதி. குளிர்தான் இங்கே எதிரி. விடியற்காலைத் தண்ணீரில் விரல் விறைத்து, உடம்பு இறுகி இருக்கும்போது எதுவும் உள்ளே போகாது. கொஞ்சம் சுடுதண்ணியில் கையை நனைத்துக்கொண்டு, மூச்சை விட்டு, அப்புறம் முயலுங்கள். ரத்தப்போக்கு நன்றாக உள்ள இரண்டாம் நாளில் பழகுவது சுலபம், காய்ந்த நாளில் இழுக்கும்போது எரியும். உள்ளே தொலைந்துபோகுமோ என்று பயப்பட வேண்டாம், கருப்பை வாய் அதற்கு இடம் கொடுக்காது. கன்னித்தன்மை போய்விடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

நூல் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று. டாம்பன் அட்டையில் அச்சடித்திருப்பதெல்லாம் பேப்பரால் துடைக்கிறவர்களுக்கு எழுதியது. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். நூல் நனைந்தால் குளிர் நாளில் துணியும் ஈரமாகி நச்சரிக்கும். சிறுநீர் வேறு வழியில் வருவதால் டாம்பனை எடுக்கத் தேவையில்லை. நூலை மட்டும் ஒரு விரலால் ஓரமாகப் பிடித்துக்கொண்டு கழுவி, ஒரு துண்டு டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள்.

கிடைக்குமா என்றால், ஹட்டன் ஃபார்மசிகளில் நான் கண்டதெல்லாம் பேட்தான். கண்டி, கொழும்புப் பெரிய கடைகளில் சில சமயம் இருக்கும், விலை கடிக்கும். இந்தியாவில் 2018இல் பேட், டாம்பன் இரண்டுக்கும் ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். இங்கே அதே ஆண்டு வரை இறக்குமதி பேட்டுக்கு எல்லா வரியும் சேர்த்து 100 சதவீதத்துக்கு மேல் இருந்தது, அப்புறம்தான் குறைத்தார்கள். ஆகவே பெட்டியில் ஆறு மாதத்துக்கு எடுத்து வாருங்கள். ரெகுலர் அதிகமாக, கூடுதலாக உறிஞ்சும் சூப்பர் கொஞ்சமாக. எடுத்து வந்ததை அலமாரியில் போடாதீர்கள். மழைக்காலத்தில் இங்கே செருப்பே பூஞ்சை பிடிக்கும். காலியான பால்மா (பால் பவுடர்) டின் ஒன்றில் இறுக்கி மூடி வையுங்கள்.

அந்த டின்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. பால்மா என்று நினைத்து மாமி திறந்துவிட்டார். ஒன்றை எடுத்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "இது உள்ளுக்கா?" என்றார். ஆமாம் மாமி. மாமி இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். மலையில் மறைவு என்று ஒன்று கிடையாது, கட்டியிருந்த சீலைத்துணி மழையில் நனைந்து கனத்து, பொழுது சாயும் வரை அப்படியே நிற்பார்கள். திட்டுவார், தீட்டு என்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "ராவைக்கு மறந்து தூங்கிட்டா?"

சரியான கேள்வி அதுதான். நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், எட்டைத் தாண்டவே கூடாது. அதிகம் உறிஞ்சும் வகையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க விட்டுவிடுவதும் கூடாது. 1980இல் அமெரிக்காவில் பல பெண்கள் டாக்சிக் ஷாக் என்ற நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், மிக அதிகமாக உறிஞ்சும் ஒரு வகையை அந்த ஆண்டே கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். கிருமி ஒன்று விடுகிற நச்சு அது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் வேகமாக வரும். திடீர்க் காய்ச்சல், வாந்தி, தலைசுற்று, வெயிலில் வெந்ததுபோல் தோல் சிவப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே டாம்பனை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990க்கு அடித்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். டாக்டரிடம் வெட்கப்படாமல் டாம்பன் என்று சொல்லிவிடுங்கள், சிங்கள டாக்டருக்கும் அதே சொல்தான்.

இரவில் நான் பேட்தான். கொழும்பு பஸ்ஸில் போகும் நாளிலும், கை கழுவத் தண்ணீர் இருக்காது என்று தெரிந்த இடத்திலும் பேட்தான். பிள்ளை பிறந்த பிறகு ஆறு வாரம் டாம்பன் தொடவே கூடாது. மாமி இப்போதும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "எடுத்தியா?" என்பார். வீட்டுக்காரர் எதை என்று கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. குவாட்டர்ஸிலிருந்து ரோட்டுக்கு நடக்கும்போது கால் வழியே ரத்தம் வழிந்தால், டாம்பன் கசிகிறதென்று பதறாதீர்கள். முதலில் சாக்ஸைக் கழற்றி அட்டைப்பூச்சியைத் தேடுங்கள்.