சொந்தப் படை மீதே துப்பாக்கியைத் திருப்பச் சொன்ன ஹெலிகாப்டர் பைலட் ஹியூ தாம்சனை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தது சரியா?

சரிதான். ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் "படையில் இருந்தவர்கள் பதில் சொன்னால் நல்லது" என்று கேள்விக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். நான் இந்திய விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் சேத்தக் ஹெலிகாப்டர்களில்தான் வேலை. நீங்கள் படையில் ஆபீசராகச் சேர்வதற்கான எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர் என்று நினைக்கிறேன், கேள்வியில் அந்த வாடை அடிக்கிறது. அங்கே போய் ஒப்பிக்க நாலு வரி வேண்டுமென்றால் இந்தப் பதில் உதவாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1968 மார்ச் 16, வியட்நாமின் குவாங் நாய் மாகாணம். மை லாய் என்று உலகம் அறிந்த அந்த ஊருக்குள் அமெரிக்கச் சிப்பாய்கள் புகுந்து பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் கணக்கில் 504 பேர், அமெரிக்க ராணுவத்தின் கணக்கில் 347 பேர். மேலே ஓ.எச்.-23 என்ற சின்ன வேவு ஹெலிகாப்டரில் மூன்று பேர் தாழப் பறந்துகொண்டிருந்தார்கள். பைலட் ஹியூ தாம்சன், வயது 24. க்ரூ சீஃப் க்ளென் ஆண்ட்ரியோட்டா, வயது 20. கன்னர் லாரன்ஸ் கோல்பர்ன், வயது 18. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு உதவி வரட்டும் என்று தாம்சன் பச்சைப் புகைக்குண்டு போட்டு இடம் காட்டினார். திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் செத்துக் கிடந்தார்கள்.

அப்புறம்தான் நீங்கள் கேட்கும் சம்பவம். ஒரு பதுங்குகுழியில் சுமார் பத்துப் பேர் ஒடுங்கியிருக்க, அதை நோக்கிச் சிப்பாய்கள் நடந்து வருகிறார்கள். தாம்சன் இரு தரப்புக்கும் நடுவில் கொண்டுபோய் ஹெலிகாப்டரை இறக்கினார். "இவர்கள் இந்த ஜனங்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய் அந்த ஜனங்களை வெளியே அழைத்து வந்தார். கூடப் பறந்த பெரிய ஹெலிகாப்டர்களை ரேடியோவில் கூப்பிட்டு அவர்களை ஏற்றி அனுப்பினார். அமெரிக்கன் அமெரிக்கனைச் சுடவில்லை, அதற்கு அவசியம் வரவில்லை. உங்கள் கேள்வியைப் படித்தால் அங்கே ஒரு சண்டையே நடந்த மாதிரி இருக்கிறது.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது 1998இல். கதை நடந்து 30 வருடம் கழித்து அமெரிக்க ராணுவம் அவருக்கு 'சோல்ஜர்ஸ் மெடல்' கொடுத்த செய்தி வந்திருந்தது. எங்கள் பிரிவில் ஒரு ஸ்குவாட்ரன் லீடர், பயிற்றுநர், அதைப் படித்துவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் பயிற்சிப் பையன்களுக்குச் சொன்னார். அவர் பெயரும் எந்த விமானத் தளம் என்பதும் வேண்டாம். தாம்பரத்துப் பயிற்றுநர் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர். அங்கே பொறுக்கிய தமிழில் என்னைப் பார்த்தால் "என்னப்பா, சாப்டாச்சா" என்பார். அதற்கு மேல் தமிழ் வராது.

அவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஹெலிகாப்டர்கள் நிற்கிற டார்மாக்கில் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டோரொட்டேஷன் என்று ஒரு பாடம் உண்டு. இன்ஜின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே அடிக்கிற காற்றிலேயே ரோட்டரைச் சுழலவிட்டு இறக்க வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்வார்கள். கொஞ்சம் முந்தினால் மெஷின் தொப்பென்று விழும், பிந்தினால் வால் தரையில் இடிக்கும். பையன் தப்புப் பண்ணுகிறான் என்று வெளியே நிற்கிற எனக்கே தெரியும். அப்போதும் இவர் கை கட்டுப்பாட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் இருக்குமே தவிர அதைப் பிடிக்காது. கடைசி நொடியில்தான் பிடிப்பார். இறங்கி வந்து திட்டவும் மாட்டார். "வால் எங்கே இருந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பார், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒரு ஆய்வுக் குழு வரவிருந்தது. அதற்குள் முடிக்க வேண்டிய பயிற்சிப் பறப்புகள் பாக்கி. எல்லா மெஷினும் பறக்கத் தயாராக லைனில் நிற்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. காலைப் பரிசோதனையில் ஒரு சேத்தக்கின் கியர்பாக்ஸிலிருந்து மேக்னடிக் பிளக்கைக் கழற்றினேன். எண்ணெயில் கலந்து வரும் இரும்புத் துகளைப் பிடிக்கிற காந்தம் அது. மாவு மாதிரி நைஸாக ஒட்டியிருந்தால் பயமில்லை, துடைத்துவிட்டுப் போட்டுவிடலாம். அன்றைக்கு ஒட்டியிருந்தது செதில். விரலில் தேய்த்தால் குத்தியது. எஃப்-700இல் ஸ்னாக், அதாவது கோளாறு என்று எழுதிவிட்டேன். (பறக்கும் முன் பைலட் கையெழுத்துப் போட்டு மெஷினை வாங்கிக்கொள்கிற புத்தகம் அது.)

எனக்கு மேலே இருந்தவர் வந்தார். "இதெல்லாம் சாதாரணம், துடைச்சுப் போட்டுட்டு என்ட்ரியை மாத்து" என்றார். நான் மாற்றவில்லை. இன்னும் மேலே இருந்தவரும் வந்தார். நான் ஒரு கார்ப்பரல். அந்த இடத்தில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று படையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த மெஷினில் பறக்க வேண்டியவர் இந்தப் பயிற்றுநர். வந்தார், புத்தகத்தைப் படித்தார், பிளக்கைக் கேட்டு வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இவர் எழுதியிருக்கிறார். நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு யாராவது போடுவதாக இருந்தால் அவரே அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போகட்டும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. யாரும் போடவில்லை. கியர்பாக்ஸைக் கழற்றி அனுப்பினார்கள். உள்ளே என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

இதையும் மை லாயையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று யாராவது கிளம்புவீர்கள். வைக்கவில்லை. அங்கே போனது நூற்றுக்கணக்கான உயிர், இங்கே ஒரு கியர்பாக்ஸ். ஆனால் கூட இருக்கிறவர்கள் எல்லாரும் தலையை ஆட்டும்போது ஒருத்தர் மட்டும் ஆட்டாவிட்டால் அப்புறம் அவரை எப்படி நடத்துவார்கள் என்பது சின்ன விஷயத்திலும் பெரிய விஷயத்திலும் ஒன்றுதான். எங்கள் ஆள் அதற்குப் பிறகு ஆபீசர்ஸ் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டார் என்று அங்கே பரிமாறுகிற பையன் சொன்னான். அடுத்த ரேங்க் அவருக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் இல்லை.

தாம்சன் பட்டது இதைவிடப் பல மடங்கு. வியட்நாமில் ஹெலிகாப்டர் விழுந்து முதுகெலும்பு உடைந்து ஊர் திரும்பியவர், அலபாமாவில் ஃபோர்ட் ரக்கரில் பயிற்றுநரானார். விசாரணை தொடங்கியதும் சாட்சி சொன்னார். நாடாளுமன்றத்தில் ஆயுதப்படைக் குழுவின் தலைவராக இருந்த மெண்டல் ரிவர்ஸ், இந்த வழக்கில் தண்டிக்கப்பட வேண்டிய ஒரே ஆள் தாம்சன்தான் என்றார். கொலை மிரட்டல் போன்கள் வந்தன. காலையில் வாசலைத் திறந்தால் வெட்டிச் சிதைத்த விலங்குகள் கிடந்தன. இவ்வளவுக்கும் நடுவே பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மறுபக்கம், அந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றது ஊருக்குள் சிப்பாய்களை நடத்திப் போன லெப்டினன்ட் கேலி ஒருவர்தான். 1971இல் ஆயுள் தண்டனை. ஆனால் பெரும்பாலும் வீட்டுக் காவலிலேயே மூன்றரை வருடத்தில் முடிந்துபோனது.

சம்பவம் நடந்த கொஞ்ச நாளிலேயே தாம்சனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றியதற்காக என்று காரணம் எழுதியிருந்தது. அங்கே ஏது இரு தரப்பு? அதைத் தூக்கி எறிந்துவிட்டார். 1998இல் மறுபடி கொடுக்க முன்வந்தபோது, பொது இடத்தில் வைத்துத்தான் வாங்குவேன், என் இரண்டு ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நின்றார். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் முன்னால் கொடுத்தார்கள். எங்கள் பயிற்றுநர் அன்றைக்கு டீயை வைத்துவிட்டு அழுத்திச் சொன்னதும் இந்த இடத்தைத்தான்.

எனக்கும் ஆதங்கம் இங்கேதான். அந்தக் குழந்தை கிடந்தது பிணங்கள் நிறைந்த ஒரு வாய்க்காலில். அதற்குள் இறங்கி, பிணங்களை விலக்கிக்கொண்டு நடந்து போய் உயிரோடு இருந்த சிறுவனைத் தூக்கி வந்தவர் க்ரூ சீஃப் ஆண்ட்ரியோட்டா. கோல்பர்ன் வாங்கிக்கொண்டார், தாம்சன் ஓட்டினார். ஆண்ட்ரியோட்டா மூன்று வாரம் கழித்துப் போரில் செத்துப்போனார். உங்கள் கேள்வியில் அவர் பெயர் இல்லை. க்ரூ சீஃப் என்றால் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர், எங்கள் ஜாதி. 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் ராவத் பெயர் எல்லாருக்கும் தெரியும், பைலட் சவுகான் பெயர் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அதே எம்.ஐ.-17இல் இருந்த ஜூனியர் வாரன்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், திருச்சூர்க்காரர் பிரதீப் பெயர்களை எத்தனை பேர் சொல்வீர்கள்? ஓய்வு பெற்ற பிறகும் இதே கதைதான். கல்யாண வீட்டில் "ஏர்ஃபோர்ஸா, பைலட்டா?" என்பார்கள். இல்லை என்றதும் பேச்சு பந்திப் பக்கம் போய்விடும். சரி, அது வேறு கதை.

எங்கள் பயிற்றுநர் படையை விட்டுப் போய் மும்பை ஹை எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஹெலிகாப்டர் ஓட்டினார். தாம்சனும் ஓய்வுக்குப் பிறகு மெக்சிகோ வளைகுடாவில் அதே வேலைதான் பார்த்தார். சிறிது காலம் முன்பு எங்கள் ஆள் நோயில் போய்ச் சேர்ந்தார். பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக ஆர்.ஐ.பி., எத்தனை மணி நேரம் பறந்தவர், எவ்வளவு கலகலப்பானவர் என்று வந்துகொண்டிருந்தது. நான் பிளக் விஷயத்தை எழுதினேன். "இந்த நேரத்தில் இது தேவையா?" என்று பதில் வந்தது. கேட்டவர் அன்றைக்கு அந்த ஹேங்கரில் இருந்தவர். பின்னே எந்த நேரத்தில் சொல்வது? அந்த மனிதர் பறந்த மணிக்கணக்கு லாக்புக்கில் இருக்கிறது, பறக்க மறுத்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கடுப்பில்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாம்சன் 2006 ஜனவரி 6 அன்று லூசியானாவில் புற்றுநோயால் இறந்தார். கடைசியில் பக்கத்தில் இருந்தவர் கோல்பர்ன். லஃபாயெட்டில் மூன்று சுற்று துப்பாக்கி முழங்கி, மேலே ஹெலிகாப்டர் பறந்து அடக்கம் செய்தார்கள். சுடச் சொன்னவனுக்கு மரியாதையா என்று கேட்கிறீர்கள். அந்தச் சிப்பாய்களுக்குக் கிடைத்த உத்தரவு சட்ட விரோதமானது, அதைத் தடுத்தவர் படையின் சட்டப்படிதான் நடந்தார். 'சொந்தப் படை மீதே' என்று நீங்கள் எழுதியதையே நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வரப்போகிற கேள்வியும் தெரியும். "அமெரிக்காக்காரனைப் பற்றி எழுதுகிறாயே, 1987இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் அமைதிப்படை என்ன செய்தது?" நியாயமான கேள்வி. நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன், படையில் சேரவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது இந்தத் தளத்தில் இருந்தால் எழுதுங்கள், படிக்கிறேன். பின்னூட்டத்தில் என்னைத் தேசத்துரோகி என்று திட்டப் போகிறவர்கள் தயவுசெய்து முழுப் பதிலையும் படித்துவிட்டுத் திட்டவும்.