சார்லி வாட்ஸ் ஏன் கையைத் தூக்குகிறார்?

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரி வீடியோ ஒன்றைப் பார்த்தேன். டிரம்மர் சார்லி வாட்ஸ் பாட்டு முழுக்க ஒரே அடியைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார். சோலோ இல்லை, வேகம் இல்லை, முகத்தில் ஒரு சலனம்கூட இல்லை. மூன்று மாதம் வகுப்புக்குப் போன பையன்கூட இதை வாசித்துவிடுவான். இவரை மகா கலைஞர் என்று கொண்டாடுவது குழுவின் புகழால்தானே?

பதில்: வாசித்துவிடுவான், முதல் அரை நிமிடம். அதற்கப்புறம் அவன் கை சும்மா இருக்காது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் டாம் எனப்படும் துணை டிரம்களில் ஒரு உருட்டு உருட்டுவான், ஒரு வரி முடிந்தால் சிம்பல் தகட்டை ஓங்கி அடிப்பான். இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் எதையாவது செருகத் தோன்றும். நான்கு நிமிடப் பாட்டில் அந்த ஆசையைக் கடைசிவரை அடக்கி, அடி சலிக்காமலும் தளராமலும் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்பது டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டு, அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள். ராக் இசையின் சாதாரண பீட்டில் வலது கை ஹை-ஹாட் என்ற இரட்டைத் தகட்டின் மீது, நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு எட்டு அடி அடிக்கும். ஒன்றாம், மூன்றாம் எண்ணிக்கையில் காலால் மிதித்து அடிக்கும் பாஸ் டிரம்; இரண்டிலும் நான்கிலும் இடது கையால் ஸ்னேர் என்ற, பளிச்சென்று ஒலிக்கும் டிரம். பெரும்பாலான டிரம்மர்கள் ஸ்னேரை அடிக்கும் அதே கணத்தில் ஹை-ஹாட்டையும் அடிப்பார்கள். வாட்ஸ் அந்தக் கணத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். குச்சி தகட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்க, ஸ்னேர் மட்டும் தனியாக விழும். எட்டு அடி ஆறாகிவிடும்.

குறைந்தது இரண்டே அடிதான். ஆனால் ஹை-ஹாட்டின் சத்தம் மேலே வந்து படியாததால் ஸ்னேர் சுத்தமாகக் கேட்கிறது. அவ்வளவு ஓங்கி அடிக்க வேண்டிய தேவையும் இல்லை. வலது கை ஒவ்வொரு முறையும் நின்று திரும்பப் புறப்படுவதால் தாளத்தில் ஒரு மெல்லிய அசைவு வந்துவிடுகிறது. கேட்கும்போது நம் கால் தானாக ஆடுகிறதே, அதில் இந்த அசைவுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டையும் விடாமல் அடிப்பவருக்கு அந்த வலது கையே கடிகாரம். அதை நடுநடுவே நிறுத்துகிறவர் எண்ணிக்கையை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டாக வேண்டும். மூன்று மாத மாணவனை இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே தடுமாறுவான்.

வேறு எதுவும் வாசிக்கத் தெரியாததால் எளிமையாக வாசித்தவர் அல்ல அவர். 1941இல் லண்டனில் பிறந்த வாட்ஸ் அடிப்படையில் ஜாஸ் பைத்தியம். சிறுவனாக இருந்தபோது வாங்கிய பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் பிடிக்காமல் போகவே, அதன் கழுத்தைக் கழற்றிவிட்டு, தோல் போர்த்திய வட்டத்தை ஒரு ஸ்டாண்டில் வைத்து, டிரம் வாசிக்கும் கம்பி பிரஷ்ஷால் தட்டிப் பழகினார். ஜாஸ் டிரம்மர் சிகோ ஹாமில்டன் பிரஷ் வாசித்ததைக் கேட்டதன் விளைவு அது. விளம்பர நிறுவனத்தில் ஓவிய வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே கிளப்புகளில் வாசித்தார். 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்த பிறகு குழுவின் கிட்டாரிஸ்டுகளான கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸும் அவரை ஜிம்மி ரீட் போன்ற ப்ளூஸ் கலைஞர்களின் ரெக்கார்டுகளை உட்கார்ந்து கேட்க வைத்தார்கள். ரீடின் பாடல்களில் டிரம்ஸ் வாசித்த எர்ல் பிலிப்ஸ், இருப்பதே தெரியாத மாதிரி வாசிப்பவர். ஜாஸின் சிக்கலான தாளங்களில் ஊறிய ஒருவர் அந்த அடக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டுக் கற்றுக்கொண்டார். நீங்கள் பார்த்த எளிமை அப்படி வந்தது. ஜாஸும் அவரை விட்டுப் போய்விடவில்லை. இடது கைக் குச்சியை உள்ளங்கைக்குக் குறுக்கே படுக்கவைத்து அவர் பிடிக்கும் விதம் அசல் ஜாஸ் பிடி. 1980களில் சொந்தமாக ஒரு பெரிய ஜாஸ் குழுவையே நடத்தினார்.

ஸ்டோன்ஸின் ஒரு பாடலுக்கு வருவோம். 1969இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' தொடக்கத்தில் கேட்கும் கௌபெல்லை (குச்சியால் தட்டும் உலோக மணி) வாசித்தவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அதன் மேல் டிரம்ஸ் நுழையும் இடம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். மில்லரோ தானோ, இருவரில் ஒருவர் தவறாக நுழைந்துவிட்டதாக வாட்ஸே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் கோணலைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டதால்தான் பாட்டு முதல் விநாடியிலேயே நம்மைப் பிடித்து இழுக்கிறது. பாட்டின் வேகமும் ஆரம்பத்தில் இருந்ததைவிட முடிவில் கூடியிருக்கும். கணக்குப் பார்ப்பவர் அதைக் குறை என்பார். கிட்டாரும் மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாகச் சேரச் சேர டிரம்ஸும் அவற்றோடு சேர்ந்து எழும்புகிறது என்பேன் நான். மெஷின் தாளத்தில் இது நடக்காது.

பெரும்பாலான ராக் குழுக்களில் டிரம்மரும் பாஸ் கிட்டாரிஸ்டும்தான் ஜோடி. மற்றவர்கள் அவர்கள் பின்னால் வருவார்கள். ஸ்டோன்ஸில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் முன்னே போகும், வாட்ஸ் அதைக் கேட்டு வாசிப்பார். அதனால் அடி ஒரு இழை பின்தங்கி விழுகிறது. இந்தக் குழுவுக்கென்று உள்ள அந்தத் தளர்ந்த நடை இதிலிருந்து வருவதுதான். கூட வாசிப்பவரை இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு முகபாவம் காட்ட நேரம் இருக்காது.

எளிய பீட் எல்லாருக்கும் வந்துவிடும் என்றீர்கள். 1968இல் ஸ்டோன்ஸின் 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பதிவானபோது அந்தப் பாட்டுக்கு வேண்டிய நடை வாட்ஸுக்கே பிடிபடவில்லை. தயாரிப்பாளர் மில்லர் உட்கார்ந்து வாசித்தார். ரெக்கார்டில் இருப்பது அவருடைய டிரம்ஸ்தான். அதையும் கேட்டுப் பாருங்கள். மிரட்டும் வேகமோ வித்தையோ அதில் கிடையாது. இருந்தும் வாட்ஸைப் போன்ற ஒருவருக்கே அன்றைக்கு அது கைவரவில்லை.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எளிமையாக வாசிப்பவர்கள் எல்லாரும் நல்ல டிரம்மர்கள் அல்ல. வெறுமனே சப்பென்று அடிப்பவர்கள் நிறையப் பேர். 'தி ஹூ' குழுவின் கீத் மூன், 'லெட் செப்பலின்' குழுவின் ஜான் போனம் போன்றவர்கள் அடித்து நொறுக்கியதும் பெரிய கலைதான். மூன் இல்லாத ஹூவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் மூனைத் தூக்கி ஸ்டோன்ஸில் உட்காரவைத்தால் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. டிரம்மரைத் தனியாகப் பிரித்து எடைபோடுவதில்தான் உங்கள் கேள்வி வழி தவறுகிறது. அவர் வாசிக்கும்போது மற்றவர்களின் வாசிப்பு எப்படி மாறுகிறது என்று கேளுங்கள்.

சோலோ அவருக்குப் பிடிக்காது, மற்றவர்கள் வாசித்தாலும்கூட. அரங்கங்கள் ஸ்டேடியங்களாகி, டிரம்மர்கள் தங்களைச் சுற்றிக் கோட்டை கட்டிய காலத்திலும் அவர் முன்னால் இருந்தது கிரெட்ச் கம்பெனியின் பழைய டிரம் செட்: பாஸ் டிரம், ஸ்னேர், இரண்டே டாம், சில சிம்பல்கள். 2021 ஆகஸ்டில் எண்பது வயதில் இறக்கும்வரை அந்த இருக்கை அவருடையதாகவே இருந்தது. குழுவின் புகழ் அவரைத் தூக்கியதா என்றால், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அந்தப் புகழைத் தன் தாளத்தின் மேல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதே என் பதில்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டை டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகும் இதே கருத்துதான் என்றால் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.