கோபுரம் பழுதாக வேண்டியதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நான் தேவகோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பங்காளிகள் முன்னோர் வழிபாடான படைப்புக்காகக் கூடியிருக்கும் ஒரு பெரிய வீட்டில், இரவில் ஒருவர் இறந்துகிடப்பதாக மர்ம நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். கதை நடப்பது 2025இல். யாரும் யாரையும் அழைக்க முடியாதபடி அன்றிரவு செல்பேசிக் கோபுரம் பழுதாகிவிடுகிறது. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. நானே வெளியிடலாமா? எங்கள் வீட்டுக் கதை என்று ஊரார் எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். கொலையாளி யார் என்று நீங்கள் எழுதியிருந்த பத்தியை மட்டும் இங்கே நீக்கியிருக்கிறேன்.

கோபுரம் பழுதாவதை எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். செல்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் வந்த பிறகு மர்மக் கதை எழுதுவது கடினமாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அவற்றைச் செயலிழக்க வைத்தால், அது எழுதுபவரின் வசதிக்காகவே என்பதை வாசகர் உடனே கண்டுகொள்வார். செல்பேசி வேலை செய்யட்டும். கோபுரப் பதிவு கருவி இருந்த வட்டாரத்தைத்தான் சொல்லும். அதை யார் வைத்திருந்தார், முகப்பில் இருந்தாரா, இரண்டாம் கட்டில் இருந்தாரா என்பதைச் சொல்லாது. நம் செட்டிநாட்டு வீடுகளோ ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. கேமரா முகப்பில் மட்டும் இருக்கும். உள்முற்றமான வளவைச் சுற்றிய அறைகள் புள்ளி வாரியாக, அதாவது குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் சாவியும் ஒவ்வோர் ஊரில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையை அன்று திறந்தவர் யார் என்ற ஒரு கேள்வியே உங்கள் நாவலைத் தாங்கப் போதுமானது. அதற்கு விடை தரும் கருவி இன்னும் வரவில்லை.

அடுத்தது சட்டம். உங்கள் ஆய்வாளர் '302' என்கிறார், அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்கு, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவுதான் பொருந்தும். சந்தேக மரணத்துக்கான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. அதே வீட்டில் 1998இல் நடந்ததாக நீங்கள் சொல்லும் பழைய கொலை மட்டும் 302இலேயே நிற்கும். இந்த வேறுபாட்டைக் கதைக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்வதால், ஆய்வாளர் தனியாக அறைக்குள் சென்று கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் காட்சி இப்போதுள்ளபடி நிற்காது.

நீங்களே வெளியிடலாம். அமேசானின் கிண்டில் மின்னூல் தளம் தமிழை ஏற்கிறது. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமைத்தொகை பெற வேண்டுமானால், மின்னூலை 90 நாள் தவணைகளில் அத்தளத்துக்கு மட்டுமே தர வேண்டும். இல்லையேல் 35 விழுக்காடுதான். அச்சு நூலுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இவை எளியவை. பதிப்பாசிரியர் இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு, மர்ம நாவலுக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாக. ஏனெனில் முடிவு தெரிந்துவிட்ட ஒருவரால் அதே பிரதியை மறுமுறை தெரியாதவராகப் படிக்க முடியாது. ஒவ்வொரு முதல் வாசகரும் ஒரே ஒரு முறைதான் பயன்படுவார். ஆகவே ஐந்து பேரைத் தேர்ந்துகொண்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இருவர்; ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்று அவர்களை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே இருவரும் சரியான பெயரை எழுதியிருந்தாலும் சிக்கல். கடைசிவரை ஒருவரும் அப்பெயரை எண்ணியே பார்க்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய சிக்கல், தடயத்தை நீங்கள் வாசகருக்குத் தரவே இல்லை என்று பொருள். திருத்திய பிறகு மற்ற மூவருக்குக் கொடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் முதல் மின்னூலில் அத்தியாயங்களுக்கு ஆசையாகத் தலைப்பு வைத்திருந்தேன். கடைசி அத்தியாயத்தின் தலைப்பே குற்றவாளியின் உறவுமுறையைச் சொல்லிவிட்டது. பொருளடக்கம் நூலின் தொடக்கத்திலேயே இருப்பதால், இலவச முன்னோட்டத்தைத் திறந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டார்கள். ஒரு வாசகர் வருத்தத்தோடு எழுதிய பிறகே எனக்குத் தெரிந்தது. கோப்பைத் திருத்தினேன், ஆனால் முன்பே படித்துவிட்டவர்களுக்கு நான் திருப்பித் தர ஒன்றுமில்லை. அச்சில் முந்நூறு படிகளாக வீட்டில் அடுக்கியிருந்தால் அந்தத் திருத்தமும் இயன்றிராது. அதனால் முதலில் மின்னூல், சில மாதம் கழித்துத் தேவைக்கேற்ப அச்சு என்ற வரிசையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊராரைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. ஊரை மாற்றுவது போதாது. நகரத்தாரின் ஒன்பது குலப்பிரிவுக் கோயில்களில் எது என்பதையும் பங்காளிகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நம்மவர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். கோயிலின் பெயரை எடுத்துவிடுங்கள், ஒரு பங்கைக் கூட்டிவிடுங்கள்.

முடிவு எனக்குத் தெரிந்துவிட்டதால் அந்த ஐவரில் ஒருவனாக நான் இருக்க இயலாது. காவல் விசாரணை வரும் அத்தியாயங்களை அனுப்புங்கள். சட்டப் பகுதிகளை வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து