டெப்பெட் சத்தத்துக்கு ஹெட்டை இறக்க வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவின் காடி 1988 புரோட்டோன் சாகா 1.3, 8 வால்வு. காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று அடிக்கிறது. டவுன் ஃபோர்மேன் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பாகம்) இறக்கித்தான் ஆக வேண்டும், 1,800 வெள்ளி ஆகும் என்கிறார். நானே டெப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ரோக்கர் கைக்கும் உள்ள இடைவெளி) செட் செய்யலாம் என்று பார்த்தால், ஓர் இடத்தில் 0.15, 0.25 என்றும் இன்னோர் இடத்தில் 0.07, 0.17 என்றும் அளவு போட்டிருக்கிறது. எது சரி? தப்பாகச் செய்தால் இன்ஜின் போய்விடுமா? காடியைக் கோலாலம்பூரில் டேக்ஸி ஓட்டிய ஒருவரிடமிருந்து அப்பா வாங்கினார்.

பதில்: இரண்டு அளவும் சரிதான், தம்பி. முதலாவது சூடான இன்ஜினுக்கு, இரண்டாவது ஆறிய இன்ஜினுக்கு. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. சின்ன எண் இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு), பெரிய எண் எக்ஸாஸ்ட் (எரிந்த புகை வெளியேறும் வால்வு). உங்கள் காடியின் ஹெட் அலுமினியம். சூடேறினால் வால்வைவிட அது அதிகம் விரியும், இடைவெளியும் கூடும். அதனால்தான் இரண்டு கணக்கு. நீங்கள் சூட்டிலேயே செய்யுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.07 தகடு ரொம்ப மெல்லிசு, புதுக் கைக்கு மடங்கிக்கொள்ளும்.

இன்ஜின் போய்விடுமா என்று கேட்டீர்கள். சத்தம் போடுகிற வால்வு இன்ஜினைக் கெடுக்க நாளாகும். சத்தமே போடாத வால்வுதான் ஆபத்து. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் (ஹெட்டில் அது பதிந்து மூடும் வளையம்) உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால் அது முழுதாக உட்காராது. எரிந்த வாயு விளிம்பு வழியே கசிந்து விளிம்பையே தின்றுவிடும். தளர்வாக இருந்தால் சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும், ரோக்கர் மெல்லத் தேயும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ஒரு மயிரிழை தளர்வாகவே விடுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வாடிக்கையாளரின் காதைத் திருப்திப்படுத்துவதற்காகவே டெப்பெட்டை முறுக்கி அனுப்பும் பட்டறைகள் ஏராளம். வண்டி அன்றைக்குப் பட்டுப்போல் ஓடும், அவரும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். சில மாதங்களில் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, அதே பட்டறைக்கு ஹெட் வேலைக்கு வந்து நிற்பார். தொழிற்பயிற்சி மையங்களில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஸ்கேனர் மாட்டத் தெரிகிறது, ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராமப்புறங்களிலும் தோட்டங்களிலும் இன்னும் கார்பரேட்டர் காடிகள்தான் பிழைப்பை இழுக்கின்றன என்பதைப் பாடத்திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள், ரேடியேட்டர் காற்றாடி ஒரு முறை சுற்றி நிற்கட்டும். சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது சுலபம். எக்ஸாஸ்ட் பக்கம் கை சுடும், கையுறை போடுங்கள். ரோக்கர் கவரைத் திறந்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்புங்கள். புல்லியில் உள்ள வெட்டு, டைமிங் பெல்ட் கவரில் உள்ள T குறிக்கு வந்ததும் நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். அதன் இரண்டு ரோக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

இந்த நிலையில் முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகள், இரண்டாவதின் இன்டேக், மூன்றாவதின் எக்ஸாஸ்ட் ஆகியவற்றைச் செட் செய்யலாம். பிறகு ஒரு முழுச் சுற்று சுற்றினால் மீதி நான்கும் கிடைக்கும்: இரண்டாவதின் எக்ஸாஸ்ட், மூன்றாவதின் இன்டேக், நான்காவதின் இரண்டும். எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று குழம்பினால் மேனிஃபோல்டைப் பாருங்கள். கார்பரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக்.

தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ரோக்கர் திருகுக்கும் வால்வு முனைக்கும் நடுவே விடுங்கள். கனமான புத்தகத்துக்கு அடியில் இருந்து ஒரு தாளை உருவும்போது கைக்குத் தெரிகிற பிடிப்பு இருக்குமே, அதுதான் வேண்டும். பலரும் கோட்டை விடுகிற இடம் இதற்கு அடுத்ததுதான். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே திரும்பிவிடும். அதனால் திருகை ஸ்குருடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பார்க்காத வால்வு, செட் செய்யாத வால்வு என்றே வையுங்கள். லாக் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே எட்டு வால்வின் பழைய அளவையும் ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டேக்ஸியாக ஓடிய காடி என்றால் இயற்கை எரிவாயு போட்டு ஓட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) எரிபொருள் என்ன என்று பாருங்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வாயு சிலிண்டர் மாட்டிய போல்ட் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வாயு வறண்டு எரியும். பெட்ரோல் தருகிற கொஞ்ச நஞ்ச வழவழப்பும் சீட்டுக்குக் கிடைக்காது. நாளடைவில் எக்ஸாஸ்ட் சீட் அமுங்கும், வால்வு ஹெட்டுக்குள் மேலேறும், இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆகவே அப்படிப்பட்ட காடியில் சில வால்வு சத்தம் போடும், சில வால்வு சத்தமில்லாமல் இறுகியிருக்கும். எட்டையும் அளந்து எழுதச் சொன்னது இதற்குத்தான். செட் செய்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் இடைவெளி திரும்பவும் குறைந்திருந்தால் சீட் அமுங்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அப்போது ஹெட்டை இறக்குவது நியாயம், ஃபோர்மேன் சொன்னது சரி. குறையவில்லை என்றால் அந்த 1,800 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும். பெட்ரோனாஸ் 2025 ஜூலை 1 முதல் இந்த வாயு விற்பனையை நிறுத்திவிட்டது. வாயு சிலிண்டரைக் கழற்றி, பெயின்ட் அடித்து, பழைய கதையைச் சொல்லாமல் சின்ன டவுன்களில் தள்ளிவிடப் புரோக்கர்கள் வருவார்கள். பக்கத்து லயத்துக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம், ஹெட் வேலைக்குச் சம்மதிக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுக்கச் சொல்லி நான்கு எண்களையும் எழுதி வாங்குங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். காதால் கேட்டே 1,800 சொல்கிறவரிடம் காடியை விடாதீர்கள். சத்தத்தை அடக்கும் மருந்து பாட்டில், கெட்டியான எண்ணெய், "தெரிஞ்ச ஹாஃப்-கட் கடையில் இன்ஜின் இருக்கு, நானே கூட்டிப் போறேன்" என்று கூடவே வரும் ஆள், எதுவும் வேண்டாம். பழைய காடிகளை வெட்டி விற்கும் அந்தக் கடையில் அவருக்குக் கொமிஷன், உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றே தெரியாத இன்ஜின்.

எந்த வேலை கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் கையில் தாள் இல்லாமல் போனால் அங்கே எதைக் காட்டுவீர்கள்? தோட்டத்து மக்களுக்கு இதை எடுத்துச் சொல்ல அதிகாரிகள் யாரும் லயம் வரைக்கும் வந்ததை நான் பார்த்ததில்லை.

ரோக்கர் கவர் கேஸ்கெட் கல்லாகிப் போயிருந்தால் புதிது போட்டு, கவர் நட்டைப் பலமாக முறுக்காமல் மூடுங்கள். முறுக்கினால் கவர் வளைந்து எண்ணெய் ஒழுகும். உங்கள் இன்ஜின் 8 வால்வு என்பதைக் கவரைத் திறந்ததும் ஒரு முறை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள்; 12 இருந்தால் நான் கொடுத்த அளவுகளைப் போடாமல் எனக்கு எழுதுங்கள்.